மங்களம் இல்லாத வெள்ளிக்கிழமைகள்

நடுப்பாட்டில் எழுந்து போனாளாமே, உன் நாத்தனார்? நீ சொன்னதைக் கேட்டு எனக்கு ஆறவே இல்லை, மக்களே. கச்சேரிக்குப் போனால் மங்களம் பாடி முடிகிறவரை இருக்க வேண்டாமா? பஸ் போய்விடும் என்றாளாம். ஒரு பஸ் போனால் இன்னொரு பஸ் வரும். மங்களம் கேட்காமல் எழுந்து வந்தால் வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் நாஞ்சில் நாட்டில் சொல்லுவார்கள். பாடுகிறவருக்கும் அது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு மலையாளச் சீமையில் இந்தக் கரமனையில் நான் பட்ட பாட்டை உனக்குச் சொன்னதே இல்லையே. உட்கார், அந்த முறத்தை இப்படித் தள்ளு, சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தது எந்த வருஷம் என்று கேட்காதே. எனக்கு எழுத்தும் தெரியாது, வருஷக் கணக்கும் தெரியாது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிவிட்டது என்று ஆண்கள் தெருமுனையில் பேசிக்கொண்டிருந்த சமயம். எங்கள் அப்பா வீடு தோவாளையில். அங்கே விடியும் முன்பே பிச்சிப்பூ வந்து குவியும். பூக்கட்டுகிற பெண்கள் சுற்றி உட்கார்ந்தால் கை ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது. அப்படிப்பட்ட சத்தத்தில் வளர்ந்தவளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு மலையில் அணைக்கட்டு வேலை, கணக்கெழுதுகிற உத்தியோகம். மாதம் ஒரு தடவை வருவார். குளிப்பார், தூங்குவார், போய்விடுவார். மிச்ச நாளெல்லாம் நானும் என் மாமியாரும்தான். நான் அத்தை என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்று வாய்தான் சொல்கிறது. எங்கே கூப்பிட்டேன்? காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டிருந்தது, நான் வருவதற்கு முன்பே.

நல்லவள்தான். குறை சொல்லக்கூடாது. ஆனால் தான் பேசுவது தனக்கே கேட்காததால் அவளும் பேச்சை விட்டுவிட்டாள். உப்பு வேண்டுமென்றால் இரண்டு விரலைத் தேய்ப்பாள். அரிசி போடவா என்று கேட்க நான் கையைக் குவித்துக் காட்டுவேன். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பாள். ஒரு வீடு முழுக்கக் கையிலும் கண்ணிலும் நடந்தது. ஒருநாள் பால்காரன் வாசலில் நின்று ஏதோ கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், குரல் வரவில்லை. மழைக்கு ஊதிப்போன கதவு மாதிரி தொண்டை சிக்கிக்கொண்டது. அவன் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு, பாவம், கையால் அளவு காட்டினான். நான் அடுக்களைக்குள் போய் வெகுநேரம் நின்றேன். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குத் தபாலாபீசில் வேலை. அவர் ஒரு ரேடியோ வாங்கி எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான சுவரில் பலகையடித்து வைத்தார். தெருவே வந்து பார்த்தது. நான் போகவில்லை, எனக்குச் சுவரே போதுமாக இருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை உலர்த்துகிற நேரம் பாடுகிறவர் பெயரை ஒருவர் மலையாளத்தில் சொல்லுவார். பிறகு தம்புரா. பிறகு ஒரு செருமல். அதற்குப் பின்னால் பாகவதர்.

வயதான குரல். மேலே ஏறும்போது கொஞ்சம் உரசும். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனால் ஒரே அடியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிச் சொல்லுவார் பார், கோபித்துக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எழுந்திருக்கிறவரை விடமாட்டார். அந்த வீட்டில் என்னைப் பார்த்து அவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை. ஈரத்தலையோடு சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முகம் தானாக மலர்ந்துவிடும்.

அங்கேதான் வந்தது வம்பு. அவர் உருகிப் பாடிக்கொண்டே இருப்பார், அடி முடிந்ததோ இல்லையோ, அந்த மலையாளக்காரர் உள்ளே வந்து நன்றி சொல்லிவிடுவார். அடுத்தாற்போல் தென்னங்கன்றுக்கு உரம் போடுகிற பேச்சு. மங்களம் கிடையாது. நான் எப்படி எழுந்திருப்பது? முதல் வெள்ளிக்கிழமை, இப்போது வரும், இப்போது வரும் என்று உட்கார்ந்தே இருந்தேன். சோறு அடிப்பிடித்துப் புகை கூடத்துக்கு வந்துவிட்டது. அத்தைக்குக் காதுதான் இல்லை, மூக்கு உண்டு. வந்து பார்த்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். போய்ப் பானையை இறக்கினாள்.

மறு வாரம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் பாடாவிட்டால் என்ன, நான் பாடி முடித்துவைக்கிறேன். தோவாளைக் கல்யாணங்களில் பாடுகிற மங்களம் ஒன்று எனக்குத் தெரியும். வாய்க்குள்ளேயே பாடி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தேன். வாரத்துக்கு வாரம் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறது. அந்த அக்கா கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள்.

“எந்தா பிள்ளே, ரேடியோ எங்க வீட்டுல, மங்களம் மட்டும் உங்க வீட்டுலயா?”

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை வேறு யாரோ வீணை வாசித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதுதான். வீணை நல்லதுதான், ஆனால் அது என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீர் இறைக்கும்போது அந்த அக்கா விவரம் சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் ரேடியோவில் மிருதங்கம் வாசிக்கிறவர். அவர் சொன்னாராம், பாகவதர் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், சுவருக்குப் பாட இந்த வயதில் தன்னால் ஆகாது என்றார் என்று. எனக்குக் கயிறு கையிலிருந்து நழுவி வாளியோடு கிணற்றுக்குள் போய்விட்டது. இனி வெள்ளிக்கிழமையும் மற்ற நாள் மாதிரிதான்.

நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று அக்காவிடமே விசாரித்தேன். பாகவதர் வீடு கிழக்கேகோட்டையில், கோயில் பக்கத்துத் தெரு. தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. அத்தையிடம் கை கூப்பிக் காட்டினேன். கோயிலுக்கா என்று புருவத்தை உயர்த்தினாள். தலையை ஆட்டினேன். பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் அடுக்கினேன். ‘சாமி, தயவுசெய்து திரும்பப் பாட வேணும்’ என்று பணிவாகக் கேட்கவேண்டும். அவர் வீட்டு மாமி கதவைத் திறந்து, வாங்கோ என்று உள்ளே கூப்பிட்டாள். பாகவதர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன மனிதர். தம்புராவுக்கு உறை போட்டு மூலையில் சாத்தியிருந்தது. அவரைப் பார்த்ததும் நான் அடுக்கி வைத்ததெல்லாம் போயிற்று. வாயில் வந்தது வேறு.

“மங்களம் பாடாம எந்திரிச்சுப் போறீங்களே சாமி, அது முறையா?”

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். “ரேடியோ ரூம்ல சிவப்பு விளக்கு அணைஞ்சா நிறுத்தணும் குழந்தே. நான் என்ன பண்றது? வெளியில வந்து, செருப்பைப் போட்டுக்கறதுக்கு முன்னாடி, வாசல் மரத்தடியில நின்னு தனியாப் பாடி முடிச்சுட்டுத்தான் கிளம்புவேன். வாட்ச்மேன் சிரிப்பான்.”

நான் இங்கே சுவரடியில் முடித்துவைத்த அதே நேரத்தில் அவர் அங்கே மரத்தடியில் முடித்துக்கொண்டிருந்திருக்கிறார், பார்த்துக்கொள். பிறகு அவரே சொல்லிக்கொண்டு போனார். கோயில் கச்சேரி என்றால் தூணில் சாய்ந்துகொண்டு ஒருவனாவது தலையாட்டுவானாம். அங்கே ஓர் அறை, சுவரெல்லாம் துணி, எதிரே மைக் மாட்டின ஓர் இரும்புக் கம்பி நிற்கிறதாம். பாடிவிட்டு வந்தால் கேட்டேன் என்று சொல்ல ஒரு மனிதன் இல்லையாம். யாருக்குப் பாடுகிறோம் என்று தெரியாமல் வாய் எழும்பவில்லை என்றார்.

நான் கேட்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பால்காரனிடம் ஆனதுபோலவே ஆயிற்று. கண்ணில்தான் தண்ணீர் வந்தது. அத்தை இவ்வளவு நேரமும் என் முகத்தையும் அவர் வாயையும் மூலையில் இருந்த தம்புராவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பேசினாள். காது கேளாதவர்கள் குரல் உனக்குத் தெரியுமே, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

“சாமிதானா அது? எங்க வீட்டுல இவ வெள்ளிக்கிழமை மட்டும்தான் சிரிப்பா. இப்ப அதும் இல்ல. பாட்ட நிறுத்திட்டீங்களாக்கும்?”

கோயிலுக்கு என்று நான் கூட்டி வந்தவள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் அவளுக்கு ஒருநாளும் காட்டியதில்லை, தம்புராவைப் பார்த்து அவளே கூட்டிக்கொண்டாள். பாகவதர் எழுந்து நின்றுவிட்டார். அவளுக்குக் காது கேட்காது என்று மாமியிடம் சொன்னேன், எப்படியோ குரல் வந்துவிட்டது. அவர் அத்தையைப் பார்த்துக் கைகூப்பினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமி குங்குமம் கொடுத்தாள். திரும்பி வரும்போது கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தலைக்கு எண்ணெய்கூட ஒழுங்காக வைக்கவில்லை. தம்புரா கேட்டது. வீணைக்காரியும் தம்புரா வைத்துக்கொள்ளலாமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். செருமல் வந்தது. அன்றைக்கு அவர் எதையும் இழுக்கவில்லை. சின்னதாகப் பாடிக்கொண்டு வந்து, விளக்கு அணைவதற்கு முன்பே நிறுத்தி, மங்களம் பாடினார். முழுதாக. அந்த மலையாளக்காரர் காத்திருந்துதான் நன்றி சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா சுவரைத் தட்டினாள்.

நான் எழுந்து திரும்பினேன். அத்தை தூணடியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?” என்றாள்.

கண்ணை மூடித் திறந்தால் போதும், அதுதான் எங்கள் வழக்கம். ஆனால் எனக்கு அந்தத் துணி போட்ட அறையும் அந்தக் கம்பியும் நினைவுக்கு வந்தது. கிட்டே போய் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னேன். “முடிஞ்சுது அத்தை. நல்லா இருந்துது. மங்களமும் பாடினாரு. கேட்டுட்டேன்.” அவள் என் உதட்டையே பார்த்தாள். அன்று முதல் அவள் போகிற நாள்வரை பேசிக்கொண்டேதான் இருந்தேன். உப்பு விலை, பூ விலை, எங்கள் தோவாளை மதராஸ் பக்கம் சேர்ந்துவிட்ட செய்தி, எல்லாம் சொன்னேன். அவளுக்கு ஒரு சொல்லாவது எட்டியதா என்று எனக்குத் தெரியாது. சில நேரம் சிரிப்பாள், சில நேரம் சும்மா இருப்பாள். அவளும் போய், என் வீட்டுக்காரரும் போய், இத்தனை காலம் ஆகியும் தனியாக இருக்கும்போதும் என் வாய் ஓய்வதில்லை என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அந்தப்...

அடடா, மழை தூறுகிறது பார். மேலே பாய் போட்டு அரிசி வற்றல் காயவைத்திருக்கிறேன். நீ அந்தப் பக்கம் பிடி, மக்களே, நனைந்தால் அத்தனையும் மாவாகிவிடும்.