அழுத்திய தக்காளி

சந்தையில் தக்காளி விற்கும் அக்காவுக்கு ஒரே சட்டம்: விரலால் அழுத்தினால் வாங்கியாக வேண்டும். இருபது வருடமாக வக்கீல், வாத்தியார் யாருக்கும் விலக்கில்லை.

தேர்தலுக்கு முந்தைய வாரம் கவுன்சிலர் புகைப்படக்காரரோடு வந்தார். கடை முன்னால் நாறிய சாக்கடையைக் கம்பளம் போட்டு மூடியிருந்தார்கள். படம் சரியாக விழும்வரை அவர் ஏழு பழங்களை நசுக்கி நசுக்கிக் கூடையிலேயே போட்டார். கடை உரிமத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும்; அக்கா சிரித்தாள்.

"பழம் நல்லாயிருக்கும்மா."

"எல்லாம் உங்க புண்ணியம்ணே."

அவர் போனதும் வாடிக்கைக்காரர் ஒருவர் ஒரு பழத்தை அழுத்தினார். அக்கா முறைத்தாள்.

"ஏன்க்கா, சட்டம் எங்களுக்கு மட்டும்தானா?"

"அழுத்துங்க சார், நல்லா அழுத்துங்க" என்றவள், தான் சிரித்த சிரிப்பை நினைத்துக் கம்பளத்தில் காறித் துப்பினாள்.