மேலே நிறுத்திய கமெண்ட்

நெய்வேலியில் நான் வீட்டில் அரைக்கும் சத்துமாவுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினேன். பெரிய கம்பெனிகளைப் போல பாக்கெட் படங்களாகவே போட்டேன், யாரும் வாங்கவில்லை. அதனால் வழியை மாற்றி, அந்த மாவில் கஞ்சி காய்ச்சி மகளுக்கு ஊட்டுவதை வீடியோவாகப் போட்டேன். உடனே ஒருத்தி கமெண்டில் எழுதினாள்: “கான்ட்ராக்ட் ஆளு பொண்டாட்டிக்கு விளம்பரம் ஒரு கேடா?”

சுரங்கத்தில் நிரந்தரமில்லாத கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் என் கணவர், “எடுத்துடும்மா, மைன்ஸ்ல பேசுவாங்க” என்றார். கமெண்டை நீக்கத்தான் போனேன். அதற்குள் கோபம் வந்துவிட்டது.

“நீங்க கான்ட்ராக்ட்னு ஊருக்கே தெரியுங்க. நாமதான் மறைச்சிக்கினு இருக்கோம்” என்றேன்.

அந்தக் கமெண்டை எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி, “ஆமாங்க, கான்ட்ராக்ட் வூட்டு மாவுதான். எம் பொண்ணு சாப்பிடறதும் இதேதான்” என்று பதில் எழுதினேன். அதைப் படித்த கான்ட்ராக்ட் வீட்டுப் பெண்கள்தான் முதலில் வாங்கினார்கள்.

இப்போதும் ஒவ்வொரு வீடியோவுக்கும் முன் பயப்படுகிறேன். பயந்துகொண்டே போட்டுவிடுகிறேன்.