சேவல் அறுத்த சத்தியம்

கீலுங் துறைமுகச் சந்தையில் மீன் உருண்டை விற்கும் சாய் பாவ்சூவுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. ஆனாலும் வீட்டில் பிள்ளைச் சத்தம் ஓய்ந்ததில்லை. அடி உதை வீடுகளிலிருந்து நீதிமன்றம் பிரித்தெடுக்கும் குழந்தைகளை வைத்து வளர்க்க அவளுக்கு அனுமதி இருந்தது. ஒன்று போனால் ஒன்று வரும். போகும்போது அழமாட்டாள், மறுநாள் கடையில் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுவாள், அவ்வளவுதான்.

கடைசியாக வந்தவள் ஏழு வயது யீ ஆன். தாய் இல்லை. தகப்பன் ஜின்ஃபா குடித்துவிட்டு அவள் கையை முறித்திருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றம் கூடும்: பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, பாவ்சூவிடமே விடுவதா?

இந்த முறை அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது. எல்லாம் வட்டாரத் தலைவர் ஹுவாங் செய்த வேலை. நகரக் கடவுள் கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, யீ ஆனை முன்வரிசையில் நிறுத்தி, ஜின்ஃபா கையில் கத்தியைக் கொடுத்தார். அங்கே சத்தியம் செய்யும் முறைப்படி, அவன் ஒரு சேவலின் தலையைத் துண்டாக்கினான்.

"இனி என் மக மேல கை வெச்சா, இந்தச் சேவல் மாதிரி என் தலையும் போகட்டும்."

ரத்தம் பிள்ளையின் செருப்பில் தெறித்தது. கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தூ! கை முறிந்த பிள்ளைக்கு அழாத ஜனம், முறித்தவன் மூக்கை உறிஞ்சியதும் உருகிப்போயிற்று.

"பாத்தியா பாவ்சூ, கடவுளே சாட்சி. கோர்ட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் தலைவர்.

"சேவலைக் கொன்னவன் திருந்திட்டான்னா, நம்ம கோழிக்கடைக்காரன் எப்பவோ மகான் ஆகியிருக்கணும் தலைவரே."

சத்தியத்தைக் கேள்விப்பட்ட குழந்தைநல அதிகாரிகள், வழக்குக்கு முன் வெள்ளோட்டமாக ரெண்டு நாள் பிள்ளையைத் தகப்பனிடம் அனுப்பினார்கள். திரும்பி வந்தவளைக் குளிப்பாட்டும்போது பாவ்சூ பார்த்தாள். முதுகில் பெல்ட் கொக்கி அப்படியே பதிந்திருந்தது.

"என்னடி இது?"

"விழுந்துட்டேன்."

"பெல்ட் மேலயா விழுந்த?"

யீ ஆன் ஈரக்கையால் அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லாதீங்க அத்தை. சொன்னா அப்பா தலை போயிடும்."

பாவ்சூ துண்டை எடுத்தாள். கோயில் வாசலில் அத்தனை பெரிய மனிதர்கள் கூடி, தகப்பனின் கையைக் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு பிள்ளையின் வாயைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். துவட்டிவிட்டு நேரே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

நீதிமன்றத்தில் ஜின்ஃபா புதுச் சட்டையில், தலையைக் குனிந்து, பசுவாட்டம் நின்றான். "தொடவே இல்லம்மா" என்றான் நீதிபதியிடம்.

தலைவரும் எழுந்தார். "அவன் தலை கழுத்து மேலதானே இருக்கு? வாக்குத் தவறியிருந்தா கடவுள் விட்டு வெச்சிருப்பாரா?"

இதைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் கூசவில்லை. பாவ்சூ மருத்துவர் எடுத்த படத்தை மேசையில் வைத்தாள். குளியலறையில் பிள்ளை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நீதிபதி படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, பிள்ளை வீட்டுக்குப் போகக்கூடாது, தகப்பன் அவளைப் பார்க்கவும் கூடாது என்று உத்தரவிட்டார்.

வெளியே தாழ்வார பெஞ்சில் யீ ஆன் காத்திருந்தாள். "சொல்லிட்டீங்களா?"

பாவ்சூவால் பொய் சொல்ல முடியவில்லை. "சொல்லிட்டேன்டி."

பிள்ளை அழவில்லை. வீட்டுக்கு வந்தும் சோற்றைத் தொடவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அப்பாவை எங்க புதைப்பாங்க?"

செத்துப்போகமாட்டான் என்று பாவ்சூ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சேவல் செத்ததைக் கண்ணால் கண்ட பிள்ளை நம்பவில்லை. கடைசியில், செய்யக்கூடாது என்று தெரிந்தே, பாவ்சூ ஜின்ஃபாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி மேசையில் வைத்தாள். மறுமுனையில் போதை குழறியது.

"என்னைக் கோர்ட்ல மாட்டிவிட்டுட்டு எதுக்குடி போன் போடுற, நாயே? அந்தச் சனியன் பக்கத்துல இருக்கா? அது பொறந்தப்பவே கடல்ல வீசியிருக்கணும்..."

யீ ஆன் மேசையில் கன்னத்தை வைத்துக் கேட்டாள். மெல்ல முகம் தெளிந்தது.

"நல்லாத்தான் இருக்காரு," என்று குச்சிகளை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அவன் திட்டித் தீர்க்கும்வரை, பல்லைக் கடித்துக்கொண்டு, பாவ்சூ போனை அணைக்காமல் வைத்திருந்தாள்.