சுப்பம்மாளின் ஒன்பது முட்டைகள்

வாழப்பாடிப் பக்கத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் சுப்பம்மாளுக்கு இரண்டு பெயர்கள். பிள்ளைகளுக்கு ஆயாம்மா. நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றத்தில் 'வாழப்பாடி சுப்பு'. அந்தப் பெயரைப் பார்த்து ஒரு வருடம் முழுக்க எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைத்தார்கள். கேட்டதற்குப் பதில் கிடைத்தால் போதும் என்று அவரும் திருத்தவில்லை.

மன்றத்துக்கு அவர் வந்ததே ஒரு சாவு வீட்டிலிருந்துதான். நாலு வருடத்துக்கு முன்பு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு கோழிகள் போயின. ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் ஒன்றும் நடக்காதது போலக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் செத்ததைப் பற்றி அழுதிருப்பார்கள். சுப்பம்மாள் மன்றத்தில் கேட்டது, இது மட்டும் ஏன் சாகவில்லை என்று.

அந்தக் கேள்விக்கு அறுபது பதில்கள் வந்தன. அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் நான்சி, சில உடம்புக்குப் பிறவியிலேயே எதிர்ப்பு அதிகம் இருக்கக்கூடும், இதன் வம்சத்தை விட்டுவிடாதீர்கள் என்று பொறுமையாக எழுதினார். சங்ககிரி லாரி டிரைவர் சின்னுசாமி, எமனுக்கு அந்தக் கோழியோட அட்ரஸ் கிடைக்கலீங்க போலிருக்குது என்று எழுதினார்.

வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் இல்லை சுப்பம்மாள். மன்றத்துக்கு அவர் கொடுத்தது ஒரு கணக்கு. இன்குபேட்டரில் முட்டை வைத்தால் இருபத்தொரு நாள். அதற்குள் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை கரண்ட் நிற்கும். பொரிக்கும் சமயத்தில் அந்த நாள் வந்தால் உள்ளேயே குஞ்சு விறைத்துப்போகும். அதனால் ஊர் ஊராக மின்தடைத் தேதிகளைச் சேகரித்து, யார் முட்டை வைக்கப்போவதாகச் சொன்னாலும் நாளை எண்ணிச் சொல்லிவிடுவார். இன்றைக்கு வைக்காதீர்கள், செவ்வாய்க்கிழமை வையுங்கள் என்பார். கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர் கூட இவ்வளவு யோசிப்பதில்லை என்று சின்னுசாமி கேலி செய்வார்.

போன மார்கழியில் அந்தக் கறுப்புக் கோழியை நாய் பிடித்தது. அதன் குஞ்சுகளில் ஒன்றுகூட அதுவரை வளர்ந்து நின்றதில்லை. பருந்தும் கீரியும் விடவில்லை. மிச்சம் இருந்தவை கூடையில் சேர்த்து வைத்த பதினோரு முட்டைகள்தான். அன்றைக்கே அவற்றைத் தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டிச் செய்த தன் இன்குபேட்டரில் வைத்தார். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை. ஒன்பதில் உயிர் இருந்தது.

பதினெட்டாம் நாள் மாலை, வேறொருவருக்குத் தேதி பார்க்கும்போதுதான் வாழப்பாடியின் மின்தடைத் தேதி கண்ணில் பட்டது. நாளைக்கு. நாற்பது பேருக்கு நாள் எண்ணிக் கொடுத்தவர், தன் முட்டைக்கு எண்ணவில்லை.

மறைத்திருக்கலாம். சுப்பம்மாள் அப்படியே எழுதினார்: "எனக்கே எண்ண மறந்துட்டேன். நாளைக்கு ஏழு மணி நேரம் கரண்ட் இல்ல. லீவும் போட முடியாது, நூத்திநாப்பது பிள்ளைங்களுக்குச் சமைக்கணும். ஒன்பதும் அந்தக் கறுப்பியோடது."

ஜோசியருக்கே ஜாதகம் சரியில்லை என்று சிரித்தவர்கள்கூடக் கடைசி வரியைப் படித்ததும் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். சின்னுசாமி மட்டும் விளையாட்டாகவே எழுதினார்: "ஏனுங்க்கா, பேசாம ஸ்கூலுக்கே கூட்டிட்டுப் போயிருங்க. அடுப்புக்குப் பக்கத்துல அதுகளும் சத்துணவு சாப்புட்டுக்கும்."

அந்தக் கேலிக்குள் ஒரு வழி இருப்பதை முதலில் பிடித்தவர் நான்சி. சுடுதண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடம் அந்தச் சமையலறைதானே என்றார். பெரிய குண்டானில் வெதுவெதுப்பான தண்ணீர், அதற்குள் சின்னக் குண்டான், அதில் துணி, துணிமேல் முட்டைகள், மூடி பாதி திறந்தே இருக்கட்டும். தெர்மாமீட்டர் முப்பத்தேழரையில் நிற்க வேண்டும்.

மறுநாள் ஒரு பக்கம் சாம்பார் கொதிக்க, இன்னொரு பக்கம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துவிட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினார் சுப்பம்மாள். ஊற்றும்போதெல்லாம் தெர்மாமீட்டரைப் படம் எடுத்துப் போட்டார். திண்டலிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறுக்கு இறங்கினால் நான்சி கண்டிப்பார்.

"பாத்துங்கக்கா," என்றார் சின்னுசாமி. "சாப்பாட்டுத் தட்டுல கால் மொளச்ச முட்டை வந்தா ஹெட்மாஸ்டர் பயந்துக்குவாரு."

நாலரைக்குக் கரண்ட் வந்தது. முட்டைகள் பெட்டிக்குத் திரும்பின. இருபத்தொன்றாம் நாள் ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கு மன்றத்தில் சின்னுசாமி ஒரு கேலியும் செய்யவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை பெட்டிக்குள் சத்தம் கேட்டது. மதியத்துக்குள் ஆறு குஞ்சுகள். அவற்றில் நாலு கறுப்பு. மூன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. ஆறின் படத்தையும் மூன்றின் படத்தையும் சேர்த்தே போட்டார். ஒரு நாள் தாமதம் தண்ணீர் வைத்தியத்தின் விலையாக இருக்கலாம் என்று எழுதி, யாருக்காவது உதவும் என்றார்.

வாழ்த்துகளுக்கு நடுவே சின்னுசாமி எழுதியதை அவர் இரண்டு முறை படித்தார். "அக்கா, வளந்ததும் பாதியை எனக்குக் குடுத்துருங்க. ஆசையில கேக்கலீங்க. ஆறும் ஒரே ஊட்டுல இருந்தா ஒரே நாயிக்குப் போயிரும்."

சுப்பம்மாளுக்கு மனம் வரவில்லை. நாலாம் நாள், சரி, பெட்டை எது சேவல் எது என்று தெரியட்டும் என்று எழுதினார்.

மாசி முடியும் முன்பு சங்ககிரி லாரி ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. நாலு வருடமாகக் கேலி செய்த ஆள் இறங்கி, சுப்பம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு பெட்டை, ஒரு சேவல் கொண்ட கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டு சுப்பம்மாள் சொன்னார்: "போற வழியில நிழல் பாத்து நிறுத்துப்பா. தண்ணி காட்டு."