பாதிக் கோபுரம் போட்ட பிள்ளையும் தணிகாசலம் வாத்தியாரும்

கீரை கொண்டுவரும் மாகறல் குப்பம்மாள்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கூடையை இறக்கிவைக்கும் முன்பே, "ஆயா, ஒங்க டிராயிங் வாத்தியாரு பூட்டாரும்மா. காத்தால பல்லு வெளக்கிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள்.

"நல்ல வார்த்தையே வராதாடி ஒன் வாயில?" என்று கத்தினேன். அவள் கீரைக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் நம்பினேன். அன்று சோறு குழைந்துபோயிற்று. தினம் குறை சொல்லும் பிள்ளைகள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார்கள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

தணிகாசலம் வாத்தியாரை இந்தப் பள்ளிக்கூட மலரைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் படம் போடச் சொல்லிக்கொடுத்தவர். அவரைப் பற்றி எழுதுவதற்குப் படித்தவர்கள் பலர் இருக்க, மூன்றாம் வகுப்போடு நின்ற என்னை ஏன் கேட்டார்கள் என்று தெரியவில்லை. எனக்கு மறதி கிடையாது என்பதால் இருக்கலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஆள் போய்விட்டார் என்பதற்காக அதை மூடி எழுத எனக்கு வராது.

மாகறலிலிருந்து சைக்கிளில் வருவார். வந்ததும் வகுப்புக்குப் போகமாட்டார். என் அடுப்படிக்கு வந்து குந்திக்கொண்டு கரித்துண்டு பொறுக்குவார். பென்சில் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அதுதான் பென்சில். "வாத்தியாரே, அது நாளைக்கு அடுப்பு மூட்ட வச்சிருக்கேன்" என்பேன். "நீ சோறுதான் பொங்குவ ஆயா. என் பசங்க இத வச்சி யானையே பொங்குவாங்க" என்று சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவர் சட்டைப்பை வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை.

வகுப்பில் ரப்பர் கூடாது என்பார். "தப்புக் கோடும் நீ போட்டதுதான். அத ஏன் தொரத்தற? பக்கத்துல இன்னொண்ணு போடு" என்று அவர் சொல்வது கொட்டகை வரைக்கும் கேட்கும்.

என் பேத்தி கோமளா அவருக்கு உயிர். "ஆயா, ஒன் பேத்தி கையில பயமே இல்ல" என்று என்னிடம் வந்து சொல்லுவார். இனி அந்தப் போட்டியைச் சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்தது. வாலாஜாபாத்திலிருந்துகூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். "எங்கள் ஊர்" என்று தலைப்புக் கொடுத்து, எல்லாரும் அதையே வரைய வேண்டும் என்றார்கள். நடுவர்கள் மூன்று பேர். அதில் நம் வாத்தியாரும் ஒருவர். தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் படம் வரும்போது எந்த நடுவரும் வாய் திறக்கக் கூடாது என்று அவர்களுக்குள் பேச்சு. மோர் ஊற்றிக் கொடுக்க என்னை அழைத்துப் போயிருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன்.

கோமளா கோபுரம் போட்டிருந்தாள். நடுவில் கத்தியால் வெட்டினதுபோல இடது பக்கம் மட்டும். மறுபக்கம் வெறும் தாள். என் மகன் மாசிலாமணி பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். கட்டம் போட்ட தாளில் கோபுரமோ தாமரையோ, பாதிதான் போடுவான். மறுபாதியைத் தறி திருப்பிப் போட்டுக்கொள்ளும். பிறந்ததிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குக் கோபுரம் என்றால் அதுதான். மற்றபடி ஒவ்வொரு பொம்மையும், அதன் கையும் காலும், நிலையில் குந்தியிருந்த புறாவும், அப்படியே இருந்தது.

மெட்ராசிலிருந்து வந்த நடுவர் அந்தத் தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "மீதிக் கோபுரத்த எலி தின்னுடுச்சாம்மா?" என்றார். கூடமே சிரித்தது. கோமளா சடையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது அந்த மெட்ராஸ்காரரை அல்ல, நம் வாத்தியாரை. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தை ஒதுக்கிப் போட்டார்கள்.

வாசலில் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டேன். "தறிக்காரன் ஊட்டுப் பொண்ணு அப்படித்தான் போடும்னு ஒமக்குத் தெரியாதா? சொன்னா இன்னா?"

"தெரியும்மா. நான் பேசினா, வாத்தியாரு சொல்லித்தான் ஜெயிச்சுதுன்னு ஆயிடும். நியாயம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"யாருக்கு நியாயம்? அந்த மேஜைக்கா?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறி மிதிக்கவில்லை.

அன்றோடு கோமளா படம் போடுவதை விட்டாள். "எனக்கு வராது ஆயா" என்றாள், அவ்வளவுதான். டிராயிங் வகுப்பில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பாளாம். வாத்தியார் திட்டவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் அவள் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைப்பார். மணி அடித்ததும் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்.

பிறகு அவரே நம் பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டி வைத்தார். தலைப்பு "பாதி". எதை வேண்டுமானாலும் வரையலாம், ஆனால் பாதிதான் வரைய வேண்டும். என்னை நடுவராக உட்காரச் சொன்னார்.

"எனக்கு இன்னா தெரியும் வாத்தியாரே?"

"ஒனக்கு வாயத் தெறக்கத் தெரியும் ஆயா. அது எனக்குத் தெரியலையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பிள்ளைகள் பாதி மாட்டுவண்டி, பாதிப் பூசணிக்காய், தலைமையாசிரியரின் பாதி மீசை என்று போட்டுத் தள்ளினார்கள். நான் மீசைக்குப் பரிசு கொடுத்தேன். தலைமையாசிரியர் ஒரு வாரம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கூத்தெல்லாம் ஒரே ஒரு பிள்ளைக்காக. அவள் வந்தாள், உட்கார்ந்தாள், தாளை வெள்ளையாகவே திருப்பிக் கொடுத்தாள். வாத்தியார் அதை வாங்கி மற்றப் படங்களோடு சேர்த்து அடுக்கினார்.

கோமளா படிப்பை முடித்தாள். வீட்டில் தறிக்குப் பட்டுநூல் இழைத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் கோலம் போடுவதுகூட நான்தான். வாத்தியார் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி, "கோமளா ஏதாச்சும் போட்டுச்சா ஆயா?" என்பார். "இல்ல, போங்க" என்பேன். "சரி" என்பார். வருஷக்கணக்காக எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான். சலிக்காமல் கேட்டார். நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன்.

காரியத்துக்கு முந்தின நாள் கோமளாவை அழைத்துக்கொண்டு மாகறல் போனேன். மாலை போட ஒரு படம் இல்லை என்று அவர் வீட்டம்மா அழுதுகொண்டிருந்தாள். "ஊருல இருக்கிற மூஞ்சியெல்லாம் வரைஞ்சாரே, தன் மூஞ்ச ஒரு போட்டோவுக்குக் காட்டலையே ஆயா!"

"எனக்கு ஞாபகம் இருக்குது" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கோமளா.

அவர் அலமாரியிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதல் கோடு இழுத்தாள். பிறகு நிறுத்தவில்லை. நெற்றி வந்தது, மூக்கு வந்தது, கண்ணாடி வந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்து, "காது கொஞ்சம் பெருசா இருக்குதேம்மா" என்றாள். "அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் கோமளா. அந்த அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் தோளில் சாய்ந்து அலறினாள்.

மறுநாள் அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் ஆள் எதிரே நிற்பதுபோல இருக்கிறது என்றார்கள். நான் ஒருத்திதான் அதன் பக்கம் போகவில்லை. வருஷக்கணக்காக அதைப் பார்க்கக் காத்திருந்தவர் பார்க்கவில்லையே, நான் போய் நின்று பார்த்து என்ன?

படம் அவர்கள் வீட்டில் இருக்கிறது. அவர் கொடுத்தது என்று என்னிடம் ஒரு பொருளும் கிடையாது. இருப்பது கோபம்தான். முன்னே ஒன்று இருந்தது, அன்றைக்கு அந்தக் கூடத்தில் அவர் பேசாமல் இருந்தாரே என்று. இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. இந்தப் பிள்ளை பென்சிலைத் தொட நீர் சாக வேண்டியிருந்ததா, வாத்தியாரே? "போட்டுச்சு" என்று நான் ஒரு வார்த்தை சொல்ல, நீர் இன்னும் ஒரே ஒரு தடவை தெருவில் சைக்கிளை நிறுத்திக் கேட்டிருக்கக் கூடாதா? இந்தக் கோபத்தை நான் யாரிடமும் இறக்கிவைக்க மாட்டேன். நான் இருக்கும் வரை இது என்னோடு இருக்கும்.