பேர் சொல்லிக் கேட்ட மன்றாட்டு

செஞ்சி காந்தி பஜாரில் பாத்திரக் கடையை ஒட்டி ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், அளவெடுக்க மூலையில் ஒரு பச்சைத் திரை. கடைக்காரர் பெயர் செபமாலை. எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். என் அம்மாவைவிட வயதில் பெரியவர். ஆனால் பஜார் முழுக்க அவரை அக்கா என்பதால் நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

இந்த ஊரில் எங்களைப் போன்ற கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கள் பங்குக் கோயிலில் சமூகப் பணிக்குழு என்று ஒன்று உண்டு. கூட்டத்துக்கு நிறைய பேர் வருவார்கள், டீ குடிப்பார்கள். கூட்டம் முடிந்த பிறகு அலைவது அக்கா மட்டும்தான். யாருக்காவது விதவை பென்ஷன் நின்றுபோனால், நடக்க முடியாத பிள்ளைக்கு பஸ் பாஸ் வேண்டுமென்றால், தைத்துக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அவர் யாருக்காக அலைகிறாரோ அவர்களில் பாதிப் பேர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களே இல்லை.

பாத்திரக் கடை கமலேஷ் அவரைச் சீண்டாத நாள் இல்லை. "இன்னாக்கா, எலெக்ஷன்ல நிக்கப் போறியா?"

"நின்னா ஒன் ஓட்டு எனுக்குத்தான்டா. ஒன் பொண்டாட்டி ஜாக்கெட்ட கெடுக்காம தச்சுக் குடுக்க வேற யாரு கீறா இந்த ஊர்ல?"

இப்படிப்பட்டவர் இப்போது அதிகம் பேசுவதில்லை. ஏன் என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவரைத் தப்பாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், தப்பே இல்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

போன கோடைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சந்தை. ஆட்டு வியாபாரிகளும் வெளியூர்க்காரர்களுமாக பஜாரே நெரிந்தது. வல்லத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு செங்கல் சூளையிலிருந்து வேலைக்காரப் பெண்களை சாமான் வாங்க மேஸ்திரி டிராக்டரில் கூட்டிவந்திருந்தான். அவர்களில் ஒருத்தி அம்மாக்கண்ணு. இருளர் பெண். வயிறு பெருத்து ஜாக்கெட் போதாமல் போய்விட்டது. புதிதாக ஒன்று தைக்க அக்காவின் கடைக்கு வந்தாள். மேஸ்திரி வாசலிலேயே நின்றான்.

திரைக்குப் பின்னால் நடந்ததை அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"எத்தினி மாசம்?"

"எட்டு முடியப் போவுதுக்கா."

"அப்புறம் இன்னா சூளையில கெடக்கற? அம்மா ஊட்டுக்குப் போவலியா?"

அம்மாக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உட மாட்டேங்கறாங்கக்கா. வாங்குன முன்பணம் கழியட்டும்ங்கறான். எம் மூத்த பொண்ணு தப்பிச்சுது. ரெண்டாவது சூளையிலயே பொறந்து சூளையிலயே செத்துப் பூட்டுது. இதையாவது ஆஸ்பத்திரியில பெத்துக்கணும்."

வெளியே மேஸ்திரி கத்தினான். "ஒரு ஜாக்கெட்டுக்கு எம்மா நேரம்?"

"வயித்துப் புள்ளக்காரிக்கு அளவு எடுக்கறன்யா. நீ வேணா வந்து எடுக்கறியா?" என்றார் அக்கா. பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள். அவன் நகர்ந்துபோய் ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மாக்கண்ணு மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். புருஷன் விநாயகம், மகள், இவள் மூன்று பேரும் மழைக்காலம் முடிந்ததிலிருந்து அங்கே இருக்கிறார்கள். சேர்ந்தாற்போல் வெளியே போக விடுவதில்லை. ஒருவர் வெளியே போனால் மற்ற இருவர் உள்ளே இருக்க வேண்டும்.

அக்கா அன்றைக்கே கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் சொன்னார். ஃபாதர் மறைமாவட்டத்தில் இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்க்கும் வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல் மறுநாளே அதிகாரிகளிடம் பேசிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் முன்கூட்டிச் சொல்லாமல் சூளைக்கு வருவதாக அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயந்திரம் ஃபாதர் அக்காவைக் கூப்பிட்டு இதைச் சொல்லி, "செவ்வாய்க்கெழம வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றார்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசையில் பிரசங்கம் முடிந்ததும் விசுவாசிகள் மன்றாட்டு வரும். திருச்சபைக்காக, நாட்டுக்காக, நோயாளிகளுக்காக என்று ஒருவர் மைக்கில் வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். வாராவாரம் ஒரு தெருக்காரர்கள் முறை. அந்த வாரம் எங்கள் தெருவின் முறை, எழுதி வாசிக்க வேண்டியவர் அக்கா.

நான் கோயிலில்தான் இருந்தேன். மழைக்காக ஒன்று வாசித்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஒன்று. பிறகு தாளைத் திருப்பினார். "செங்கல் சூளையில் அடைபட்டு, வயிற்றில் பிள்ளையோடு தவிக்கும் எங்கள் சகோதரி அம்மாக்கண்ணுவையும் அவள் குடும்பத்தையும் நீர் விடுவித்து, அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்க அருள்புரிய வேண்டும் என்று..." மிச்சத்தை வாசிக்காமலே தாளை மடித்துவிட்டார். மழைக்கும் பரீட்சைக்கும் முணுமுணுத்த கோயில் அதற்கு உரக்கப் பதில் சொன்னது. பீடத்தில் ஃபாதர் சட்டென்று தலையைத் தூக்கியதைப் பார்த்தேன். அது எதனால் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பூசை முடிந்ததும் உடை மாற்றும் சக்ரீஸ்து அறை வாசலில் ஃபாதர் கேட்டது முன்வரிசை வரை கேட்டது.

"நேத்து நான் இன்னாம்மா சொன்னேன்?"

"யாருகிட்டயும் சொல்லாதன்னீங்க ஃபாதர். நான் மனுசங்க யாருகிட்டயும் சொல்லலியே. ஆண்டவருகிட்டதானே சொன்னேன்."

"ஆண்டவருகிட்ட மைக்லயாம்மா சொல்லுவாங்க?"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தவிப்பைச் சொல்லி அழுவதற்கு அவருக்கு இருந்த ஒரே இடம் அந்த மன்றாட்டுதான். அங்கே சொன்னது வெளியே போகும் என்று அவர் நினைக்கவே இல்லை. சூளைக்காரரும் மேஸ்திரியும் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்ல. அதனால் ஒன்றும் ஆகாது என்று ஃபாதரும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை பார்க்கும் ஆண்களில் விமல்ராஜும் இருந்தார். அவர் லாரி டிரைவர். அந்தச் சூளையிலிருந்தும் கல் ஏற்றுகிறவர். கெட்டவர் இல்லை. ஒரு குழந்தை அழுதால் லாரியை நிறுத்திவிட்டு பிஸ்கட் வாங்கிக் கொடுப்பார். திங்கட்கிழமை லோடு எடுக்கப் போனவர், வெயிலில் கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் அம்மாக்கண்ணு யார் என்று கேட்டு, அவளிடம் போய் ஆறுதலாக, "கவலப்படாத தங்கச்சி. நேத்து எங்க கோயில்ல ஒம் பேரச் சொல்லி மொத்த சனமும் வேண்டிக்கிச்சு. சீக்கிரம் விடிவு வரும்" என்றார். மேஸ்திரி பின்னால் நின்றிருந்தான்.

செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் சொன்னபடியே வந்தார்கள். அக்காவும் ஃபாதரும் கூடப் போனார்கள். அம்மாக்கண்ணுவின் குடிசையில் அடுப்புக் கல் இருந்தது, ஆட்கள் இல்லை.

"சாவுக்குப் போயிருக்காங்க சார்," என்றான் மேஸ்திரி. "நாங்க இன்னா சங்கிலி போட்டா வச்சிருக்கோம்?" மற்ற வேலைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவர் மட்டும், முந்தின நாள் மத்தியானமே ஒரு சின்ன லாரியில் மூன்று பேரையும் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று அக்காவின் காதில் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்காவின் கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. ஃபாதர் மற்ற ஊர்ப் பங்குக் கோயில்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார். எங்கே சூளை இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அக்கா பஸ் ஏறிவிடுவார். விமல்ராஜும் லாரி போகிற பக்கமெல்லாம் விசாரித்தார். "வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதற்கு, "நான் இருந்தனா? ஒன்ன மட்டும் இன்னான்னு சொல்ல?" என்றார் அக்கா.

மழைக்கு முன்னால் சூளைகள் மூடும் நேரத்தில் வேறொரு மாவட்டத்தில் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். அதிகாரிகள் போய் மீட்டு, கொத்தடிமை விடுதலைச் சான்றிதழும் கொடுத்தார்கள். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். நான்காவது ஆள் அங்கேயே, சூளைக்குப் பக்கத்து ஓடைக்கரையில். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் குடிசையிலேயே பிறந்து, பால் குடிக்காமலே போய்விட்டதாம். ஆண் குழந்தை.

ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்காவுக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். யாராலும் சொல்ல முடியாது என்பதே அவரை அரிக்கிறது என்று நினைக்கிறேன். அவர் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டார். ஆனாலும் என் அம்மாவிடம் ஒருநாள், "ஃபாதர் மன்னிச்சிட்டாரு. புள்ளயப் பெத்தவ மன்னிக்கணுமே" என்றார்.

அதனால் பனமலைப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் அவர்கள் குடியிருப்புக்குப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். அம்மாக்கண்ணு வாசலில் உட்கார்ந்து மீன் உரசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாக்கா. இம்மா தூரம் தேடிக்கினு வந்துட்டியா? ஒங்க கோயில்ல எனுக்கோசரம் வேண்டிக்கிட்டீங்களாமே, லாரிக்கார அண்ணன் சொன்னாரு. எங்களுக்குன்னு யாரு கும்புட்டாங்க இதுவரிக்கும்?"

அக்கா பேசாமல் திரும்பியிருக்கலாம். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அக்கா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ரகசியமாக இருக்கச் சொன்னது, தான் மைக்கில் வாசித்தது, அது மேஸ்திரி காதுக்குப் போனது, அதனால்தான் அவசரமாக அவர்களை ஏற்றிப் போனது. விநாயகம் எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டார். அம்மாக்கண்ணு மீனை உரசிக்கொண்டே கேட்டாள்.

"எம் பேரச் சொல்லாம வேண்டியிருந்தா ஒங்க சாமிக்குத் தெரிஞ்சிருக்காதா?"

உரசி முடித்த மீனைச் சட்டியில் போட்டாள். "கௌம்புங்க. பஸ்ஸு பூடும்" என்றாள்.

இப்போதெல்லாம் எங்கள் கோயிலில், "துன்புறும் தொழிலாளர் அனைவருக்காகவும்" என்றுதான் வாசிக்கிறார்கள். யாருக்கும் ஆபத்து இல்லை. யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அப்படி உரக்கச் சொன்னது அந்தப் பேரைக் கேட்டதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரும் வேண்டும், வாயை அடக்கவும் தெரிய வேண்டும் என்றால் எப்படிச் செய்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தக் குடியிருப்புக்கு மனைப்பட்டா கேட்டு அக்கா அலைகிறார். அதற்கு அம்மாக்கண்ணுவும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். வருகிறாள், கேட்ட இடத்தில் கைநாட்டு வைக்கிறாள், அதிகாரி கேட்டால் பதில் சொல்கிறாள். திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். அக்கா ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டு உட்காருவார். அம்மாக்கண்ணு அவரைத் தாண்டிப்போய் பின்னால் நின்றுகொள்வாள். பஸ் எவ்வளவு நெரிந்தாலும், பக்கத்தில் உட்கார வருகிறவர்களிடம் அக்கா, "ஆள் வருது" என்பார்.