விருந்தாளியின் ஓட்டில் பாதி ரொட்டி

என் தம்பி பக்த்ரவான் வெல்லம் காய்ச்சுகிறவன். குன்றின்மேல் இடிந்து கிடக்கும் பழைய புத்த மடத்தைப் பார்க்க வருகிறவர்கள் அவன் கொப்பரையைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். கரும்புச்சாறு குடிக்காமல் யாரும் போனதில்லை. அவனிடம் வந்தவர் பசியோடு திரும்பியதில்லை என்று ஊரே சொல்லும். அவனுக்குப் பெரிய சொத்து அதுதான். அக்காவான எனக்கும் அதில் பெருமை உண்டு.

போன குளிர்காலத்தில் இலங்கையிலிருந்து ஒரு பிக்கு வந்தார். இறங்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது, வண்டியும் கிளம்பவில்லை. தம்பி அவரையும் ஓட்டுநரையும் எங்கள் ஹுஜ்ராவில், ஆண்கள் கூடும் விருந்தினர் கூடத்தில், தங்க வைத்தான். வீட்டில் நின்ற ஒரே கிடாயை அறுத்தான். பிக்கு கும்பிட்டு, பாலில்லாத தேநீர் மட்டும் குடித்தார். நண்பகலுக்குப் பிறகு அவர் சாப்பிடுவதில்லை என்றார் ஓட்டுநர்.

பெரியப்பா மகன் ஷேர்சமின் சிரித்தது சுவர் தாண்டி எனக்கே கேட்டது. "அறுக்குறதுக்கு முன்னாடி அந்தக் கிடாகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

விடிந்ததும் வயிறு நிறையக் கொடுத்துவிடலாம் என்று நானும் தம்பியும் இருட்டோடு எழுந்தோம். ரொட்டி, முட்டை, பாலாடை எல்லாம் தயார். அப்போது வாசலில் யாரோ வந்து நின்ற அரவம். மதரசா மாணவர்கள் வீடு வீடாக ரொட்டி வாங்க வரும் நேரம் அது. தம்பி அவசரத்தில் பாதி ரொட்டியைப் பிய்த்து, முகம் பார்க்காமல் கதவிடுக்கில் நீட்டினான். அது ஒரு பிச்சை ஓட்டில் விழுந்தது. பிறகுதான் வெறுங்கால்களையும் காவித் துணியையும் பார்த்தான்.

எருமையோடு தெருவில் நின்ற ஷேர்சமின் இந்த முறை சிரிக்கவில்லை. "விருந்தாளியைப் பிச்சையெடுக்க விட்டுட்டியேடா" என்றான், மெதுவாக.

தம்பி எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த ஓட்டில் நிரப்பினான். பிக்கு திருப்தியாகச் சாப்பிட்டார். ஓட்டுநர் சமாதானம் சொன்னார். "அண்ணே, அவங்க வழக்கத்துல வாசல்ல ஓடேந்தி வந்து நின்னா அது வீட்டுக்காரருக்குத்தான் மரியாதை."

வண்டி போன பிறகு தம்பி என்னிடம் சொன்னான். "வயிறு நெறஞ்சுதான் போனாரு, அக்கா. ஆனா என் வாசல்ல ஓடேந்தி நின்னாரே. அதை ஊரு பாத்துச்சே."

அதற்குப் பிறகு அவன் ஹுஜ்ராவுக்குப் போவதில்லை. குன்றிலிருந்து யாராவது இறங்கினால் கொப்பரைப் புகைக்குள் போய் நின்றுகொள்கிறான். சாறும் வெல்லமும் வேலையாள் கையால் அவர்களுக்குப் போகின்றன, முன்பைவிட நிறைய.